நாற்பத்தொன்றாம் கட்டம்

தூரத்து கேலக்ஸிகளைத் தேடி வானத்தை அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கும் திட்டத்துக்கு நாள் போதவில்லை. வானத்தைப் பிரித்திருந்த கட்டங்களில் ஒன்றைக் கைவிட வேண்டும். வரைபடத்தில் எஸ்தரின் பென்சில் நாற்பத்தொன்றின் மேல் நின்றது. ஆய்வு மாணவர்களாக இருந்தபோது அவளும் கதிரேசனும் அந்தத் துண்டு வானத்துக்காக ஒன்பது நாள் மலைமேல் வானாய்வகத்தில் காத்திருந்தார்கள். மேகம் கலையவே இல்லை. ஒரே குடையில் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள், மறுவருடம் கல்யாணம். கதிரேசன் இறந்து ஆறு வருடமாகிறது.

"அதுல ஒரு நட்சத்திரம் ரொம்பப் பிரகாசம், மேடம். பின்னாடி எதுவும் தெரியாது," என்றார் சக ஆய்வாளர் முபாரக். "ஆனா நீங்க சொன்னா வெச்சுக்கலாம்."

"வேண்டாம், எடுத்துடலாம்," என்று கோடு போட்டாள்.

பிறகு மணி பார்த்துக் கணக்கிட்டு, நண்பகல் வெயிலில் வெளியே வந்து, அந்தக் கட்டம் இருக்கும் திசையை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.