தெருவுக்கு அந்தப் பக்கம்

தீராத நோயாளி கேட்டால் டாக்டரே ஊசி போட்டு முடித்துவைக்கும் விருப்பச் சாவு வேண்டுமா வேண்டாமா என்று வார்டு வார்டாக ஓட்டுப் போட்டபோது, வட்டச் செயலாளர் மருதப்பன்தான் வீடு வீடாக ஏறித் தன் வார்டில் 'வேண்டாம்' என்பதை ஜெயிக்க வைத்தார். எதிர் வார்டில் 'வேண்டும்' ஜெயித்தது. அந்தந்த வார்டில் ஜெயித்ததே அங்கே சட்டம்; நடுவில் ஒரு தெருதான்.

இப்போது அவர் மனைவி சொர்ணவல்லிக்கு எலும்பில் புற்றுநோய். "என்னை அந்தப் பக்கம் கொண்டுபோயிடுங்க" என்று அவள் கெஞ்சியதில் கொள்கையெல்லாம் கரைந்து, எதிர்வரிசையில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டார்.

கட்டிலோடு அவளைத் தூக்கக் கட்சிக்காரர்களையா கூப்பிட முடியும்? திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டு பிலோமினா வந்தாள். போன வருஷம் அவள் புருஷன் இதே நோயில் கிடந்தபோது அவளும் வீடு மாறத்தான் பார்த்தாள். "நம்ம வார்டு மானம் போயிடும்மா" என்று தடுத்தவர் மருதப்பன். அந்த மனுஷன் கத்திக் கத்தியே செத்தார்.

இப்போது அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கால்மாட்டைப் பிடித்தாள். நாலு வார்த்தை திட்டித் தொலைக்க மாட்டாளா என்றிருந்தது அவருக்கு.

நடுத்தெருவில் அவர் பிடி நழுவிக் கட்டில் ஆடியது.

"குலுக்காம வாங்கண்ணே," என்றாள் பிலோமினா. "அக்காவுக்கு வலிக்கும். எனக்குத் தெரியும்."