எதிர்த்தரப்புச் சாட்சி

"மேடம், நாம தோத்துட்டோம். வாங்க, போயிடலாம்."

குடும்ப நீதிமன்ற வாசலில் லிஃப்ட் மெக்கானிக் தன் வக்கீலின் காதில் கிசுகிசுத்தான்.

"இன்னும் உள்ளேயே கூப்பிடலை. அதுக்குள்ள என்ன தோல்வி?"

"அங்கே பாருங்க. என் மாமியார். சாட்சி சொல்ல வந்திருக்காங்க."

பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் மாமியார். அவளை அடுத்து அவன் சின்ன மகள், கால்களை ஆட்டிக்கொண்டு. அப்புறம் அவன் மனைவி. குழந்தை அப்பாவைப் பார்த்துக் கையை அசைத்தது. அம்மாக்காரி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

அவளைக் குறை சொல்ல அவனுக்கு வாயில்லை. வேலை செய்யும் இடத்தில் விழுந்து முதுகில் அடிபட்டது. வலி போன பிறகும் வலி மாத்திரை போகவில்லை. வேலை போயிற்று. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் மகள் இருட்டும்வரை அழுதுகொண்டு நிற்க, அவன் வீட்டில் நினைவில்லாமல் கிடந்தான். மனைவி அன்றைக்கே குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் சிகிச்சை மையத்தில் சேர்ந்தான். தினமும் காலையில் வரிசையில் நின்று, மாத்திரை ஆசையை அடக்கும் மருந்தை நர்ஸ் கண்ணெதிரிலேயே குடிக்க வேண்டும். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து அறையில்தான் இந்த வக்கீலம்மா உட்கார்ந்திருப்பாள். இலவச சட்ட உதவி.

"மருந்து உடம்பைப் பார்த்துக்கும். வேலை, வீடு, குழந்தை இதையெல்லாம் யார் பார்க்கிறது?" என்பாள். சிகிச்சை மருந்தையும் போதை என்று சொல்லி அவனைச் சேர்க்க மறுத்த கம்பெனியோடு மல்லுக்கட்டி வேலையை வாங்கித் தந்தவள் அவள்தான். இப்போது வாரக் கடைசியில் மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டு மனு.

உள்ளே கூப்பிட்டார்கள். மாமியார் கூண்டில் ஏறினாள்.

"உங்க மருமகனைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார் மனைவியின் வக்கீல், வாயெல்லாம் பல்லாக.

"என்னத்தைச் சொல்ல? என் பொண்ணு சிந்தின கண்ணீருக்குக் கணக்கில்லை. பெத்த பிள்ளையை நடுத்தெருவுல நிக்க வெச்சவன் இவன்."

மெக்கானிக் தலை குனிந்துகொண்டான்.

"இப்பவும் தினமும் ஏதோ மருந்து குடிக்கிறார், இல்லையா?"

"ஆமா. என் கண்ணால பார்த்தேன்."

"பார்த்தீங்களா! ஐயா, இதைக் கவனிக்கணும்..."

"இருங்க சார், நான் இன்னும் முடிக்கலை." மாமியார் நீதிபதி பக்கம் திரும்பினாள். "கொட்டுற மழையிலயும் வர்றான் ஐயா. காய்ச்சல்ல உடம்பு நடுங்கினப்பவும் வந்தான். ஒருநாள் அங்கே லிஃப்ட் நின்னு போய் ஒரு நர்ஸ் உள்ளே மாட்டிக்கிட்டா. இவன்தான் ஓடிப்போய் கதவைத் திறந்து வெளியே எடுத்தான். திரும்பி வந்து வரிசையில பழைய இடத்தைக் கேட்டானா? இல்லை. பேசாம கடைசியில போய் நின்னான். அன்னிக்கு எல்லாரும் கை தட்டினாங்க. இவன் காது சிவந்து போச்சு."

வக்கீலின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

நீதிபதி கேட்டார்: "இதையெல்லாம் கூடவே போய்ப் பார்த்தீங்களாம்மா?"

"கண்ணால பார்த்ததைத்தானே ஐயா சாட்சின்னு சொல்றது?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வக்கீலம்மா எழுந்து, அது போதை அல்ல, சிகிச்சை என்று சிகிச்சை மைய டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததை நினைவுபடுத்தினாள். மனு ஏற்கப்பட்டது. வாரக் கடைசியில் குழந்தை அப்பாவோடு.

வெளியே வந்ததும் மகள் ஓடிவந்து அவன் தோளில் தொற்றிக்கொண்டாள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குழந்தையை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றினான். முதுகு வலிக்கவே இல்லை.

மனைவிக்குத்தான் முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா, அவரை வேவு பார்க்கப் போனியே, போனவ அவருக்கே சாட்சி சொல்லிட்டு வர்றியே! மருந்துக்கு வரிசையில நிக்கிற ஜனங்களை நம்பி எப்படிம்மா குழந்தையைத் தனியா விடறது? நினைச்சாலே பயமா இருக்கு."

மாமியார், அப்பாவின் தோளில் சிரிக்கிற பேத்தியைப் பார்த்தாள்.

"நீ வேலைக்குப் போறப்ப குழந்தையை யார்கிட்ட விட்டுட்டுப் போறே?"

"இது என்ன கேள்வி? உன்கிட்டதான்."

"பயமா இருக்கா?"

"உன்கிட்ட விட எனக்கென்னம்மா பயம்?"

மாமியார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், இத்தனை காலமாக வாயில் வராத ஒரு வார்த்தையைச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை! நாளையிலேர்ந்து மருந்துக்குப் போறப்ப என்னையும் வண்டியில ஏத்திக்கோங்க. முழங்கால் ஆபரேஷனுக்குக் கொடுத்த மாத்திரை என்னையும் விடலை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பொம்பளைங்க வரிசையில தினமும் நிக்கிறவ நான்தான்."