வரவேற்புத் தோரணம்

“இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கோ. வாறவருக்குத் தலை முட்டக்கூடாது” என்றாள் இராசமலர். உடையார்கட்டுச் சந்தியில், வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே முதல் தோரணக் கயிறு ஏறிக்கொண்டிருந்தது.

எதிரே தன் தேநீர்க்கடை வாசலில் நின்ற நவ்பர் அதை முறைத்துப் பார்த்தான். வருகிறவர் யாரென்று ஊருக்கே தெரியும். பதினொரு நாளைக்கு முன், கூட்ட மேடையிலிருந்து இறங்கிய காணி அமைச்சரைச் சுட்டுக் கொன்ற தெற்கத்திக் கூட்டத்தின் தலைவர். சுட்டவன் உள்ளே இருக்கிறான். சுடச் சொன்னவர் பிணையில் வெளியே வந்து, ‘துரோகி ஒழிந்தான்’ என்று ஊர் ஊராக ஊர்வலம் போகிறார்.

அமைச்சரும் தெற்கத்திக்காரர்தான். பதினைந்து வருடம் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்த இந்த ஊர்க் காணிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் செய்த துரோகம் அவ்வளவுதான். கம்பியைத் தன் கையால் வெட்டிவிட்டு, நவ்பரின் கடையில் பிளேன்ரீ குடித்தார். இராசமலரின் பாழுங்கிணற்றை எட்டிப் பார்த்து, தெரிந்த தமிழில் “தண்ணி இருக்கு” என்று குழந்தை மாதிரிச் சிரித்தார்.

முந்தாநாள் தலைவரின் ஆட்கள் முப்பது மோட்டார் சைக்கிள்களில் வந்து நின்றார்கள். மாதர் சங்கத் தலைவி என்பதால் இராசமலரைக் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கட்டளை போட்டார்கள். கறுப்புக்கொடி, வெள்ளைக்கொடி, செத்தவரின் படம் ஒன்றும் கண்ணில் படக்கூடாது, தலைவருக்கு உங்கள் முறைப்படி தோரணம் கட்ட வேண்டும், படம் எடுப்போம்.

“ஓம், எங்கட முறைப்படியே கட்டுறம்” என்றாள் இராசமலர். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. அதைத்தான் நவ்பரால் பொறுக்க முடியவில்லை.

அவன் றோட்டைக் கடந்து வந்தான். வேப்பமர நிழலில் இருபது பெண்கள் குருத்தோலையில் குருவி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மலரக்கா, உங்களுக்கு வெக்கமா இல்லையா? காணி தந்த மனிசன்ர சாம்பல் இன்னும் ஆறேல்ல.”

“கதைக்க நேரமில்லை தம்பி. வெயில் ஏற முதல் கட்டி முடிக்கவேணும்.”

பக்கத்தில் இருந்த சிவரூபி பழக்கதோஷத்தில் ஓர் ஓலைக்கு நாலு குருவி மடித்திருந்தாள். இராசமலர் அதை வாங்கி ஒன்றைப் பிய்த்தெறிந்தாள். “மூண்டு காணும்.”

சிவரூபி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து மூன்றாகவே மடிக்கத் தொடங்கினாள். அதுவரை கலகலத்துக்கொண்டிருந்த பெண்கள் அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

“ஓலைக்கும் பஞ்சமோ? கட்டுறதெண்டு வெளிக்கிட்டா வடிவாக் கட்டுங்கோவன்” என்றான் நவ்பர்.

“வாறவருக்கு இது போதும்.”

நவ்பர் புத்தளத்து முகாமில் வளர்ந்து, மூன்று வருடத்துக்கு முன்தான் வாப்பாவின் காணிக்குத் திரும்பியவன். ரோசக்காரன். நேரே கடைக்குள் போய் ஒரு கறுப்புத் துணியை எடுத்து வந்து கூரை வளையில் கட்டக் கையை உயர்த்தினான். இராசமலர் ஓடிவந்து பறித்தாள்.

“விடுங்கோ அக்கா! கடையைக் கொளுத்தினா கொளுத்தட்டும். அந்த மனிசனுக்கு இந்த ஊரில ஒருத்தனாவது துக்கம் காத்தான் எண்டு இருக்கட்டும்.”

“நீ தனிய ஏனடா சாகவேணும்? பேசாமல் நில்.”

“நீங்கள் எல்லாரும் பயந்த சனம்!”

இராசமலரின் முகம் சுருங்கியது. துணியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பத்து மணிக்கு ஊர்வலம் வந்தது. தலைவர் ஜீப்பிலிருந்து இறங்கி, கும்பிட்ட கையோடு தோரணத்தின் கீழே நடந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் கமெராக்கள் ஓடின.

றோட்டின் இரு பக்கமும் ஊரே நின்றது. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்கள். கைதட்டல் இல்லை, ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. கொலைகாரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நவ்பர் பல்லைக் கடித்தான்.

தலைவருக்குக் குருவிகள் மிகவும் பிடித்துப்போயின. அவர் ஏதோ சொல்ல, பொடியன்கள் ஒரு கயிற்றை அப்படியே அறுத்து ஜீப்பின் முன்பக்கம் கட்டினார்கள்.

“முல்லைத்தீவு வரைக்கும் எல்லா ஊரிலும் இதோடதான் போவாராம்” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“நல்லது. இடையில கழட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்றாள் இராசமலர்.

ஜீப் போய்ப் புழுதி அடங்கியது. இராசமலர் மின்கம்பத்தடியில் குந்தி, அதுவரை அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து அழுதாள். சிவரூபியும் அழுதாள். நவ்பருக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“அவனுக்குத் தோரணமும் கட்டிப்போட்டு, இப்ப என்னத்துக்கு அழுறீங்கள்?”

இராசமலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைக்கு மேலே ஆடிய ஓலைகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“நாலு குருவி கலியாணத்துக்கு, தம்பி, மூண்டு குருவி செத்தவீட்டுக்கு.”