நடைபாதைக்கு இருநூறு பேர்

நடுநிலை தவறாத நல்லோரே, மலையேறி வாருங்கள். இந்த அநீதியை உங்கள் கண்களாலேயே காணுங்கள்.

அறுபதடி நீளம், ஆறடி அகலம். புதூர்நாட்டுக்கு மேலே, பதினெட்டே வீடுகள் கொண்ட சிற்றூரில், அம்சவல்லியின் வீட்டு வாசலில் கிடக்கிறது ஒரு சிமெண்ட் நடைபாதை.

பக்கத்தில் சாலை இல்லை.

சாலை பின்னால் வரும் என்று சொல்லி, ஓரத்தை மட்டும் முதலில் போட்டுவிட்டுப் போனவர்கள், போனவர்கள்தான். அது எழுபத்திரண்டில். இப்போது நடப்பது எழுபத்தெட்டு.

முதல் வருடம் அவள் அதன்மேல் புளியைக் காயவைத்தாள். மலையடிவாரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: 'இது பொதுமக்கள் நடைபாதை. இதில் பொருள் பரப்புவது குற்றம்.'

பிறகு நடுவில் ஒரு விரிசல் கண்டது. விரல் நுழைந்த இடத்தில் மறுவருடம் கையே நுழைந்தது. பழுதுபார்த்துத் தரும்படி மனுப் போட்டாள். அதே அலுவலகம், அதே கையெழுத்து: 'இதில் எவரும் நடப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இது உமது கதிரடிக்கும் களம். பராமரிப்பு உமது பொறுப்பு.'

குற்றம் சாட்டும்போது நடைபாதை. கொத்தனாரை அனுப்பச் சொன்னால் களம். இதற்குப் பெயர் நிர்வாகமா?

அம்சவல்லி அடங்கவில்லை. அதன்பின் போட்ட ஆறு மனுக்கள் பதிலின்றிப் போயின. ஏழாவதற்குப் பதில் வந்தது. ஓவர்சியர் நேரில் வருவார். காலை முதல் பொழுது சாயும்வரை அமர்ந்து எண்ணுவார். இருநூறு பேர் நடந்தால் அது நடைபாதை. பர்மிட் இல்லாமல் கிடைக்காத சிமெண்ட், பத்து மூட்டை, அலுவலகச் செலவிலேயே வந்து இறங்கும். ஒருவர் குறைந்தாலும் பதிவேட்டிலிருந்து பெயர் அடிபடும். அதன்பின் ஒரு பிடிகூட வராது.

ஊரில் இருந்ததோ, கைக்குழந்தைகள் உட்பட எழுபத்தொரு பேர்.

புரட்டாசி வெயில் ஏறும் வேளையில், மண்தடத்தில் குலுங்கி வந்த ஜீப்பிலிருந்து ஓவர்சியர் கண்ணாயிரம் இறங்கினார். வேலூர்க் கடைத்தெருவில் பிறந்து, அரிசி சாக்கிலேயே விளைகிறது என்று நம்பி வளர்ந்தவர்.

நடைபாதை நெடுகக் கணுக்கால் உயரத்துக்கு, வைக்கோல் போன்ற காய்ந்த தாள் பரப்பியிருந்தது. அவர் புருவம் உயர்ந்தது.

"வெயில்ல சிமெண்ட்டு கொதிக்குதுங்க சார்" என்றாள் அம்சவல்லி. "எங்க ஜனம் செருப்பு இல்லாத ஜனம். கால் வெந்து பூடும்."

மக்கள் நலன் கருதிய ஏற்பாடு என்று அவர் குறித்துக்கொண்டார்.

ஊரே திரண்டு நடந்தது. ஆணும் பெண்ணும் நடந்தனர். பிள்ளையை இடுப்பில் இடுக்கியவளும் நடந்தாள். அம்சவல்லி ஓரமாக நின்று ஊக்கம் ஊட்டினாள்: "நல்லா அழுத்தி மிதிச்சி நடங்க. சர்க்கார் எண்ணுது."

பக்கத்து வீட்டு மாதையன் மூன்றாம் முறையாக வந்தபோது ஓவர்சியரின் பேனா நின்றது.

"யோவ், நீ இப்பத்தானே போன?"

"போனவன் திரும்பி வர்றேங்க. திரும்பி வரக் கூடாதுன்னு காயிதத்துல கீதா?"

ஓவர்சியர் காகிதத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். இல்லை. எண்ணினார்.

மாதையனின் பின்னால் அவருடைய இரண்டு எருதுகளும் அசைந்து வந்தன.

"மாட்டையெல்லாம் நான் எண்ண மாட்டேன்."

"எண்ண வேணாங்க. சும்மா கூட வரட்டும்."

உச்சிவேளைக்கு முன்பே இருநூறு நிறைந்துவிட்டது. ஓவர்சியர் பேனாவை மூடி எழுந்தார். வழக்கில் வென்றவள் மகிழ்ந்திருக்க வேண்டும். அம்சவல்லியோ முகம் வாடி அவர் முன்னே வந்து நின்றாள்.

"பொழுது சாயற வரைக்கும்னு எழுதிக்கீதுங்க. விதியை நீங்களே மீறினா எப்படிங்க?"

நேர்மைக்கு இப்படியும் ஒரு நெஞ்சமா என்று வியந்து, மூடிய பேனாவைத் திறந்தார். மீண்டும் உட்கார்ந்தார்.

ஊர் மீண்டும் நடந்தது. அவள் எண்ணிக்கையின் பக்கம் திரும்பவே இல்லை. போவோர் வருவோர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடையிடையே ஒரு கவைக்கோலால் தாளைப் புரட்டிவிட்டாள். அடிப்பக்கம் சூடேறாமல் இருக்கவாம்.

மாலையில் அவரிடமே வந்தாள். "நீங்களும் ஒரு நடை நடந்து பாருங்க சார். பழுது இன்னான்னு உங்க காலே சொல்லும். பூட்ஸை மட்டும் கழட்டிடுங்க."

ஓவர்சியர் கால்சட்டையை மடித்துக்கொண்டு நடந்தார். ஒரு நடை போதவில்லை; கடமை உணர்ச்சி அவரைப் பதினோரு நடை நடக்கவைத்தது. பிறகு, ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து எழுதினார்: 'நடந்தோர் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மேற்பரப்பு முழுதும் பெயர்ந்து, பொடிக்கற்களாக உதிர்ந்து, காலடியில் உருள்கிறது. பத்து மூட்டை போதாது, இருபது தேவை.'

ஜீப் வளைவில் மறைந்தது.

அம்சவல்லி கவைக்கோலால் தாளை அள்ளினாள், உதறினாள், ஓரம் ஒதுக்கினாள். அடியில், அறுபதடி நெடுகிலும், கதிரில் ஒன்றுகூடத் தங்காமல் உதிர்ந்து கிடந்தது பதினெட்டு வீட்டுச் சாமை.

"ஓவர்சியரு மிதி நல்ல மிதி" என்றார் மாதையன், எருதுகளைத் தட்டிக்கொடுத்தபடி. "நம்ம செவலையைவிட ஒரு படி மேலேதான்."

ஆயினும் அன்பர்களே, அநீதி இன்னும் அகலவில்லை. இருபது மூட்டையில் ஒன்றுகூட மலையேறவில்லை. ஆகவே கார்த்திகையில் மறு எண்ணிக்கை நடத்தியே தீரவேண்டும் என்று எட்டாவது மனுவை அம்சவல்லி அனுப்பிவிட்டாள். நடைபாதை மக்களின் உரிமை என்று நம்புகிற ஒவ்வொருவரும் அன்று விடியலிலேயே வந்து அணிதிரள வேண்டும். பொழுது சாயும்வரை நடக்க வேண்டும். அழுத்தி மிதித்து நடக்க வேண்டும்.

செருப்பு வேண்டாம்.

அன்று கேழ்வரகு.