பொறிவண்டுகள் செத்த வழக்கு

"பையைத் திறடா"ன்னேன்.

மச்சான் பையை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். என் மனைவியோட தம்பி. என் குடைமிளகாய்த் தோட்டத்துல எனக்கு வலது கை. அன்னிக்கு மட்டும் குற்றவாளி.

எங்களைச் சுத்தி வெளியூர் விவசாயிகள் நின்னாங்க. விஷம் தெளிக்காம விளைச்சல் எடுக்கிறது எப்படின்னு என்கிட்ட கத்துக்க வந்தவங்க. எனக்குப் 'பூச்சி வாத்தியார்'னு பட்டப்பேர். மைக் கிடைச்சா விடமாட்டேன். "பயிரைத் தின்கிற பூச்சியைத் தின்ன இன்னொரு பூச்சி இருக்கு"ன்னு ஆரம்பிச்சேன்னா, கேட்கிறவங்க டீ ஆறிப்போகும்.

அதைக் கண்ணால காட்டத்தான் முந்தின நாள் வலைக்கூடாரத்துல ஒரு பெட்டி பொறிவண்டை நானே கைப்பட விட்டேன். செடியோட சாறை உறிஞ்சுற அசுவினிப் பூச்சியை அது பிடிச்சுத் தின்னும். வெயில்ல விட்டா பறந்துடும், பொழுது சாயறப்போதான் விடணும். அந்த நேரத்துல கொசு ஆளையே தூக்கிட்டுப் போகும். நான் அசருவேனா? பெட்டி காலியாகிற வரைக்கும் நின்னேன்.

காலையில இவங்களைக் கூட்டிட்டு வந்து பார்த்தா, முதல் வரிசை பூரா வண்டுங்க மல்லாந்து கிடக்கு. அசுவினி மட்டும் கல்யாண வீட்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கு.

"யாரோ மருந்து அடிச்சிருக்காங்க"ன்னார் வந்தவங்கள்ல ஒரு பெரியவர். "உங்க தோட்டத்துலயே இந்த லட்சணம்னா, நாங்க பழைய மருந்தையே அடிச்சுட்டுப் போறோம், வாத்தியாரே."

என் மானம் கப்பலேறிடுச்சு. அப்பதான் ஞாபகம் வந்தது. விடிஞ்சதும் மச்சான் அந்த வரிசையிலேருந்து எதையோ எடுத்துப் பையில திணிச்சதைப் பார்த்திருந்தேன்.

"பையில என்னடா?"

"வேண்டாம் மாமா. அப்புறம் பேசிக்கலாம்."

"இப்பவே பேசணும். மருந்து அடிச்சியா, இல்லையா?"

அவன் என்னைப் பார்த்தான். வந்தவங்களைப் பார்த்தான்.

"நான்தாங்க அடிச்சேன். அவசரப்பட்டுட்டேன். மாமா மேல தப்பில்லை. கொஞ்சம் பட்டதுக்கே வண்டுங்க இப்படிச் செத்திருக்குன்னா, வருஷக்கணக்கா அடிக்கிற உங்க வயல்ல எத்தனை செத்திருக்கும், பார்த்துக்கங்க."

பெரியவர் யோசிச்சார். "அதுவும் சரிதான்"னார்.

நான் அத்தோட விட்டிருக்கலாம். விடுவேனா?

"இதுங்க நமக்காக உழைக்க வந்த ஜீவன்டா! கூட இருந்தே குழி பறிச்சிட்டியே. நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதே. உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்"னு ஒரே மூச்சுல பொரிஞ்சு தள்ளினேன். ரெண்டு பேர் கைதட்டக்கூடச் செஞ்சாங்க.

எல்லாரும் டீ குடிக்க வெளியே போனாங்க. மச்சான் பையை என் முன்னால வெச்சான்.

திறந்தேன். உள்ளே இருந்தது என்னோட கொசு ஸ்பிரே. முந்தின நாள் முதல் வரிசையில நின்னுக்கிட்டு கையிலயும் கால்லயும் புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சுக்கிட்டு, அதே கையால வண்டுங்களை எடுத்து விட்டுட்டு, அங்கேயே மறந்துட்டுப் போன டப்பா.

"டேய், இது கொசு மருந்துடா"ன்னேன்.

"நீங்க கொசுவைத்தான் குறி வெச்சீங்கன்னு பொறிவண்டுக்கு எப்படி மாமா தெரியும்?"

"அவங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நான் அடிச்சேன்னா நான் ஒருத்தன்தான் கெட்டவன். வாத்தியாரே அடிச்சார்னு தெரிஞ்சா, அத்தனை பேரும் நேரா மருந்துக் கடைக்குத்தானே போவாங்க?"

சட்டையை மாட்டிக்கிட்டு அவன் கிளம்பத் தயாரானான். அவன் கையைப் பிடிச்சு உட்கார வெச்சேன்.

வெளியேருந்து பெரியவர் கூப்பிட்டார். "வாத்தியாரே, வண்டைக் கொன்னவனைப் பத்தி நல்லாப் பேசினீங்க. இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேங்க"ன்னேன். டப்பாவைக் கையில எடுத்துக்கிட்டு வெளியே போனேன்.