படியில்லாத மரவீடு

“ஏம்மா, வாசல்ல படி எங்க?”

காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டார் கப்பல் இன்ஜினீயர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் இன்ச் டேப் இல்லாமல் வெளியே கிளம்பாத மனுஷர்.

அவருக்காகக் காட்டுக்குள் அந்த மரவீட்டை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் பெண், தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னாள்.

“மழையில மரப்படி உளுத்துப்போயிடும் சார். அதான் சரிவா விட்டுட்டேன்.”

“நான் கேட்டது வீடும்மா, சரக்குக் கிடங்கு இல்ல!”

பின்னால் வந்த அவர் மனைவி, அவர் பார்க்காத நேரம் பார்த்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தயவுசெய்து சொல்லிவிடாதே என்று அர்த்தம்.

உள்ளே புதுப் பலகை வாசனை கமகமத்தது. மரச் சுவர்களில் தேன் நிறத்தில் வெயில் விழுந்திருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? மனுஷர் டேப்பை உருவிவிட்டார்.

“கதவு என்ன இவ்வளவு அகலம்? பீரோவா குடிவரப் போகுது?”

“காத்தோட்டத்துக்கு சார்.”

“ஸ்விட்ச் எல்லாம் இடுப்புக்குக் கீழ?”

“இப்ப... அதான் சார் ஃபேஷன்.”

“சமையல் மேடையைப் பாரு! குனிஞ்சு காய் நறுக்கினா முதுகு உடைஞ்சிடும். அடியில அலமாரியும் இல்ல, வெறும் பொந்து. அளவெடுக்கும்போது தூங்கிட்டிருந்தியா?”

“என் தப்புதான் சார்.”

பொய்க்கு மேல் பொய். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் உளறிவிடுவோம் என்று பயந்தாள். நல்லவேளை, அவர் முணுமுணுத்துக்கொண்டே குளியலறைக்குள் போனார்.

மனைவி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கம்மா. எனக்காகத் திட்டு வாங்குறே.”

“பரவால்லம்மா. ஆனா எத்தனை நாளைக்கு மறைப்பீங்க?”

“டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். இவர் கால் கொஞ்சம் கொஞ்சமா செயலிழந்துடுமாம். அடுத்த வருஷம் சக்கர நாற்காலிதானாம். இப்பவே அப்பப்ப இடறுது. கேட்டா, செருப்பு சரியில்லைங்கிறார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “விஷயம் தெரிஞ்சா இன்னைக்கே படுத்துடுவார்மா. நடக்குற வரைக்கும் நிம்மதியா நடக்கட்டும்.”

குளியலறையில் டேப் சர்ரென்று சுருளும் சத்தம் கேட்டது. மறுபடியும் இழுக்கும் சத்தம். ரொம்ப நேரமாக ஆளைக் காணோம்.

“ஐயோ, அங்க பிடிச்சு எழுந்திரிக்கக் கம்பி போட்டிருக்கியே! கேட்டா என்ன சொல்லுவே?”

“துண்டு போடன்னு சொல்லிக்கிறேன்.”

“ஒரு வீட்டுல நாலு கம்பி நிறைய துண்டா?”

பதில் யோசிப்பதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். கம்பியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“தாகமா இருக்கு. கார்ல தண்ணி பாட்டில் இருக்கும், எடுத்துட்டு வா” என்று மனைவியை அனுப்பினார்.

அவள் தயங்கித் தயங்கித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சரிவில் இறங்கிப் போனாள். கார் வரைக்கும் அவள் போய்ச் சேருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அவர் ஆர்க்கிடெக்ட் பக்கம் திரும்பினார். போச்சு, வேலையே போச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“எல்லாம் சரியாத்தாம்மா பண்ணியிருக்கே” என்றார் குரலைத் தாழ்த்தி. “குளியலறையில மட்டும் வாஷ்பேசினை எதிர்ச் சுவருக்கு மாத்திடு. சக்கர நாற்காலியைத் திருப்புறதுக்கு மூணு இன்ச் இடம் குறையுது. திட்டினதை மனசுல வச்சுக்காதே, திட்டலேன்னா அவ கண்டுபிடிச்சிடுவா. எனக்கு விஷயம் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், இன்னைக்கே படுத்துடுவா.”