கழற்றிப் போட்ட வண்டி

ஞாயிறு காலையிலிருந்து தவராஜ் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலை மறித்து உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து பைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். இடுப்பு விட்டுப்போயிருந்தது. கார்புரேட்டர் பெட்ரோல் ஊற்றிய சட்டியில் கிடந்தது. ஸ்பார்க் பிளக் அவன் கையில் இருந்தது.

பெரகல சந்திக் கடைக்குப் போயிருந்த மனைவி துஷாந்தினி, பைகளோடு மேடேறி வந்து படியில் சாய்ந்தாள்.

"பாப்பா தூங்கிட்டாளா?"

"உன்கூடத்தானே போனா?"

"சந்தியில உங்க வண்டியிலதானே ஏத்திவிட்டேன். ஹெல்மெட்டக்கூட கழட்டல, ஒரு வார்த்தை பேசல. இந்தப் பையையாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்."

அவன் பிளக்கைத் தூக்கிக் காட்டினான். அவள் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏம்ப்பா மறுபடியும் கழட்டுறீங்க? இப்ப நல்லாத்தானே ஓடிச்சு."